செய்தி வாசிப்போரின் நடுவுநிலைமை: ஜார்ஜ் அழகையாவின் தொழிலும் அறப்பணியும்

வேதாரண்யம் என இந்நாளில் வழங்கும் திருமறைக்காட்டில் எழுந்தருளியுள்ள அம்மைக்கு யாழைப் பழித்த மொழியாள் என்பது திருப்பெயர். யாழின் இசையும் நாணத்தக்க இனிய குரலுடையாள் என்பது அதன் பொருள். அவ்வூர்க் கோயிற் கதவின் வரலாறும் குரலைப் பற்றியதே. மறைகள் வழிபட்டுத் திருக்காப்பிட்டுச் சென்ற கதவு திறக்கத் திருநாவுக்கரசர் பாடினார். அடைக்கத் திருஞானசம்பந்தர் பாடினார். முன்னவர் பதிகம் பாடி முடியும் வரையும் திறவாதிருந்த கதவு, பின்னவர்க்கு ஒரே பாட்டில் அடைத்துக்கொண்டது எனப் பெரியபுராணம் கூறும். சொல்லுக்கு உள்ள ஆற்றல் சொல்பவர்க்கேற்ப வேறுபடும் என்னும் எண்ணம் இவ்வரலாற்றினுள் அமைந்து கிடக்கின்றது.

ஈண்டு ஆராயப் புகுவது இப்புராண வரலாறன்று. குரலையே கருவியாகக் கொண்டு நம் காலத்தில் எழுந்த ஒரு தொழிலாகும். செய்தி வாசித்தல் என்னும் அத்தொழிலின் அருமையைத் திருமறைக்காட்டுக் கடற்கரை மக்கள் நன்கு அறிவர். உப்பளத் தொழிலாளரும், மீனவரும், காவிரிக் கடைமடை உழவரும் வாழும் அப்பகுதியில் செய்தி என்பது பொழுதுபோக்கன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது அக்கரைக்கு முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கசாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தபோது நிலைமை வேறாயிருந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் சில நாள் முன்னரே எச்சரித்தன. தென்னைகள் இலக்கக் கணக்கில் வீழ்ந்தன. எனினும் கடலுக்குச் செல்லாது தங்கியமையால் உயிர் பிழைத்தோர் பலர். இவ்விரு முறையும் உணவும் உடையும் கூரைத் தகடும் சுமந்து வெளியூர் வண்டிகள் வந்தது, தொலைவிலிருந்தோர் செய்தியைக் கேட்டும் கண்டும் நெஞ்சம் நெகிழ்ந்த பின்னரேயாம்.

செய்தி சென்ற வழியே உதவி வருகின்றது. அங்ஙனமாயின் ஒரு வினா எழுகின்றது. துன்பத்தை உலகுக்கு உரைக்கும் ஒருவர், அத்துன்பத்தைத் துடைக்கும் முயற்சியிலும் தாமே பங்கு கொள்ளலாமா? ‘கொள்ளலாம், கொள்ளவும் வேண்டும்’ என்றே முதற்கண் தோன்றும். ஆயின், ஒரு பக்கமும் சாயாது உரைத்தலே கடனாகக் கொண்ட ஒருவர்க்கு இவ்விடை அத்துணை எளிதன்று. இதனைத் தெளிவுற விளக்கும் வாழ்க்கை, பாக்கு நீரிணைக்கு அக்கரையில் பிறந்து இலண்டனில் புகழ்பெற்ற தமிழர் ஒருவருடையது. அவர் ஜார்ஜ் அழகையா.

அழகையா 1955-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். பெற்றோர் இலங்கைத் தமிழர், தந்தையார் பொறியாளர். அடுத்த ஆண்டில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. 1958-இல் தமிழர்க்கு எதிரான கலவரம் நிகழ்ந்தது. 1961-இல் அக்குடும்பம் மேலை ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டிற்குக் குடிபெயர்ந்தது. 1957-இல் விடுதலை பெற்றிருந்த அப்புது நாடு பிறநாட்டுப் பொறியாளர்களை வரவேற்ற காலம் அது. பின்னர் அழகையா இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் நகரப் பள்ளியிலும், டர்ஹாம் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். வளரும் நாடுகளைப் பற்றிய ‘சவுத்’ என்னும் இதழில் பணியாற்றி, 1989-இல் பி.பி.சி. நிறுவனத்திற் சேர்ந்தார்.

அவர் முதலில் வாசிப்பவராக அல்லர், களத்திற்குச் சென்று கண்டுரைப்பவராகவே அறியப்பட்டார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. சோமாலியாவின் பஞ்சம், ருவாண்டாவின் இனப்படுகொலை, வட ஈராக்கில் குர்து மக்கள் உற்ற அழிவு ஆகியவற்றை அவர் நேரிற் சென்று உரைத்தார். புருண்டி நாட்டு உள்நாட்டுப் போர் பற்றிய செய்திக்காக 1994-இல் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பின் விருது பெற்றார். ஜோகன்னஸ்பர்க் நகரில் தங்கி, நிறவெறி ஆட்சி நீங்கிய தென்னாப்பிரிக்காவின் முதல் ஆண்டுகளைக் கண்டார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைத் தம் ‘எ பாசேஜ் டு ஆப்பிரிக்கா’ என்னும் நூலில் (2001) அவர் எழுதியுள்ளார். சோமாலியாவில் வழி தெரியாது சென்று அடைந்த ஒரு சிற்றூரில் பசியும் நோயும் வாட்டிய பல முகங்களை அவர் காண்கிறார். செய்தித் தொழிலில் இருப்போர்க்கு அக்காட்சி பழகிப்போனது. நேற்றுக் காட்டியதினும் கொடியது இன்று வேண்டும் என்னும் நிலைக்குத் தாமும் தம் தோழரும் வந்திருந்தமையை அவர் மறைக்கவில்லை. அவ்விடத்தே ஒரு மனிதர் அவரை நோக்கி ஒரு கணம் புன்னகை செய்கிறார். வரவேற்கும் புன்னகையன்று, மகிழ்ச்சியின் புன்னகையுமன்று. உடன்வந்த மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டபோது, தாம் இந்நிலையிற் காணப்படுதற்கு அவர் நாணுகிறார் என்னும் விடை வந்தது. காண்பவர் தாமும் காணப்படுபவர் அவரும் என்றிருந்த முறைமை அந்நாணத்தால் தலைகீழாயிற்று என அழகையா உணர்கிறார். அம்மனிதரின் பெயரைக் கேளாது வந்தமை பின்னர் அவர் நெஞ்சை உறுத்தியது. இப்பகுதி இங்கிலாந்துத் தேர்வு வாரியத்தின் பாடத்தொகுப்பில் இடம்பெற்று, பல நாட்டு மாணவராலும் பயிலப்பட்டது.

நம் நூல்களில் இரவச்சம் என ஓர் அதிகாரமே உண்டு. நல்குரவினும் அதனைப் பிறர் காண நேரும் நாணமே கொடிது என்னும் உணர்வு தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. அழகையா தமிழ் நூல்களை அடியொற்றி இதனை எழுதினார் என்பது நம் கருத்தன்று. அங்ஙனம் கூறுதற்குச் சான்றில்லை. அவர் எழுதியதும் பேசியதும் ஆங்கிலத்திலேயாம். எனினும், துயருற்றோர் வெறும் காட்சிப்பொருள் அல்லர், நாணமும் மானமும் உடைய மக்களே என்னும் தெளிவு அவர் பின்னர் மேற்கொண்ட அறப்பணிகளுக்கு அடிப்படையாயிற்று எனக் கொள்வதிற் பிழையில்லை.

இனி, செய்தி வாசிப்பவர் என்னும் நிலையை நோக்குவோம். இந்நிலைக்கு ஒரு விந்தையான வரலாறு உண்டு. பி.பி.சி. வானொலியில் தொடக்கக் காலத்து வாசிப்போர் தம் பெயரைக் கூறுவதில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, 1940-இல், பகைவர் போலிக்குரலால் மக்களை ஏமாற்றாவண்ணம் பெயர் கூறும் வழக்கம் புகுந்தது. தொலைக்காட்சியிலோ 1954-இல் செய்தி தொடங்கியபோது குரல் கேட்டது, முகம் தோன்றவில்லை. முகக்குறிப்பு செய்தியின் நடுவுநிலைமையைக் குலைத்துவிடும் என அந்நிறுவனத்தார் அஞ்சினர். 1955 செப்டம்பரிலேயே கென்னத் கெண்டல் என்பார் முகம் முதன்முதலாகத் திரையில் தோன்றியது. அழகையா பிறப்பதற்கு இரு திங்கள் முன்னர் நிகழ்ந்தது இது.

நம் வானொலியிலும் இதனை ஒத்ததோர் இலக்கணக் குறிப்பு உண்டு. தில்லியிலிருந்து பல்லாண்டு தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமி முதலியோர் தம்மை அறிவிக்கும்போது ‘வாசிப்பவர்’ என உயர்திணையால் கூறாது, ‘வாசிப்பது’ என்று கூறித் தம் பெயரை வைப்பர். வினைமுன் ஆளைப் பின்னிறுத்தும் இவ்வமைப்பு நாளடைவில் மரபாகிவிட்டது. இதனை இலக்கண வழு என்பாரும் உளர். ஆள் மறைந்து தொழில் மட்டும் நிற்க வேண்டும் என்னும் கொள்கைக்கு இதனினும் பொருத்தமான தொடர் கிடைத்தல் அரிது என்பதே எம் கருத்து. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பிற்குத் ‘தமிழோசை’ எனப் பெயரிட்ட யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம் இத்தொழிலின் நுட்பங்களை ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலாக எழுதினார். அத்தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் இறுதியோடு நின்றது. அழகையா அப்பிரிவைச் சார்ந்தவர் அல்லர். ஆங்கிலச் செய்தியின் நடுவிடத்தை எய்தியவர்.

2003 சனவரி முதல் அவர் பி.பி.சி.யின் மாலை ஆறு மணிச் செய்தியை, முதலில் பிறரோடு இணைந்தும் பின்னர்த் தனித்தும், வாசித்தார். உலகச் சேவைத் தொலைக்காட்சியிலும் தோன்றினார். 2008-இல் ஆங்கில அரசின் ஓ.பி.ஈ. விருது அவர்க்கு வழங்கப்பட்டது. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை சென்றபோது தம் பாட்டியார் வாழ்ந்த வீடு அழிந்துகிடந்தமையைக் கண்டார். இளமையில் உடன்பிறந்தாரோடு விளையாடிய கிணறு ஒன்றே அடையாளம் காணும் வகையில் எஞ்சியிருந்தது. அதுவும் இனிப் பயன்படாத நிலையினது. கடல்நீர் புகுந்து கிணறுகள் உவர்த்துப்போன துயரை நாகைக் கடற்கரையார் அறிவர். கண்டுரைப்பவரும் காணப்படுபவரும் ஒருவரேயாகும் இத்தகைய வேளையில், முகக்குறிப்புக் கூடாது என்னும் பழைய விதி எவ்வளவு நிற்கும் என்பது சிந்தித்தற்குரியது.

களத்திலிருந்து வரும் செய்தியே அறத்தைத் தூண்டுதற்குச் சான்றுகள் உள. 1984 அக்டோபரில் எத்தியோப்பியப் பஞ்சத்தைப் பற்றி மைக்கேல் பெர்க் உரைத்த செய்தி இசைவாணர்களை ஒன்றுகூட்டியது. 1985 சூலை 13-இல் ‘லைவ் எய்ட்’ என்னும் மாபெரும் நிதி நிகழ்ச்சியாக முடிந்தது. பெர்க் செய்தி வாசிப்பவராகவும் விளங்கியவரே. அவர் செய்தது உரைத்தல் மட்டும். பொருள் திரட்டியவர் பிறர். அழகையா இவ்வெல்லையைச் சற்றுக் கடந்தார். ஏழைகள் சிறுதொழில் செய்தற்குச் சிறுகடன் வழங்கும் ‘ஆப்பர்ச்சுனிட்டி இன்டர்நேஷனல்’ அமைப்பிற்கு ஆதரவாகப் பேசினார். 2002 முதல் இங்கிலாந்தின் ‘ஃபேர்டிரேட்’ நிறுவனத்திற்குப் புரவலராக இருந்தார். இவற்றுள் பின்னதே வழக்கிற்கு இடமாயிற்று.

ஃபேர்டிரேட் என்பதை நேர்மை வாணிகம் எனலாம். காப்பி, தேயிலை, கொக்கோ, வாழை முதலியவற்றை விளைக்கும் சிறு உழவர்க்கு, உலகச் சந்தையில் விலை வீழினும் குறைந்த அளவு இவ்விலை கிடைத்தல் வேண்டும் என வரையறுத்தல் இதன் முதற்கூறு. அவ்விலைக்கு மேலும் ஒரு தொகையை உழவர் கூட்டுறவிற்குக் கொடுத்து, பள்ளி, கிணறு முதலிய பொதுப்பணிக்கு உதவச் செய்தல் இரண்டாங்கூறு. இவ்வாறு விளைந்த பொருளுக்கு ஓர் அடையாளக் குறி இடப்படும். காவிரி நாட்டு உழவர்க்கு இதனை விளக்குதல் எளிது. நெல்லுக்கு அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை வரையறுத்து, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் வாங்குதலை ஒத்தது இது. வேறுபாடு யாதெனின், அங்கே விலையை உறுதிசெய்வது அரசு, இங்கே மனமுவந்து கூடுதல் விலை தரும் நுகர்வோர். இங்கிலாந்து நிறுவனம் 1992-இல் தோன்றியது. அதன் குறி தாங்கிய முதற்பொருள் 1994-இல் வெளிவந்த ஒரு சாக்லேட். அழகையா இளமையைக் கழித்த கானாவிலும் 1993-இல் ‘குவாப்பா கோக்கூ’ என்னும் கொக்கோ உழவர் கூட்டுறவு தோன்றி இவ்வியக்கத்திற் புகழ்பெற்றது.

ஏழாண்டு சென்றபின், 2009 சூலையில், புரவலர் பொறுப்பினின்று அவர் விலக நேர்ந்தது. விலகுமாறு செய்தது பி.பி.சி. மேலாண்மை. அந்நிறுவனம் கூறிய காரணம் வருமாறு: கருத்து வேறுபாடுள்ள பொதுக்கொள்கை ஒன்றில் ஒரு பக்கம் நிற்கும் அமைப்பிற்கு, முன்னணிச் செய்தி வாசிப்பாளர் ஒருவர் வெளிப்படையான பேராளராக இருத்தல் தகாது, சார்பு உண்டு என்னும் ஐயத்திற்கே இடமிருத்தல் கூடாது. பொதுமக்கள் பலர் இம்முடிவை எதிர்த்து முறையிட்டனர். ஏழை உழவர்க்கு நியாய விலை வேண்டும் என்பதில் இரு கட்சி எங்ஙனம் இருத்தல் இயலும் என்பது அவர் வினாவாகும்.

இரு கட்சி உண்டு என்பதே உண்மை. சில பொருளியலறிஞர், விலையை உயர்த்தி நிறுத்தினால் விளைச்சல் மிகும், அதனால் அக்குறி பெறாத பிற உழவர்க்கு விலை மேலும் வீழும் என வாதிடுவர். கூடுதல் விலையின் பெரும்பகுதி கடைக்காரர்க்கே செல்கின்றது என்பாரும் உளர். இவ்வாதங்களுக்கு விடைகளும் உண்டு. ஆகவே மாலை ஆறு மணிக்கு உலக வாணிக உடன்படிக்கை பற்றிய செய்தியை வாசிப்பவர், அவ்வழக்கில் ஒரு கட்சியின் புரவலராகவும் இருத்தல் கேட்போர்க்கு ஐயம் தரும் என்பதைத் தள்ளிவிட இயலாது.

இவ்விடத்தே திருக்குறளின் அதிகார முறையும் பரிமேலழகர் உரையும் நமக்குப் பெரிதும் துணைசெய்வன. நடுவுநிலைமை என்பது பகை, நொதுமல், நட்பு என்னும் முத்திறத்தாரிடத்தும் அறத்தின் வழுவாது ஒப்ப நிற்றல் என்பது அவர் விளக்கத்தின் சாரம். ஈண்டு நொதுமல் என்பது பகையும் நட்பும் இல்லாத அயன்மை. அயன்மை என்பது நடுவுநிலைமையன்று. நடுவுநிலையாளன் எதிரே நிற்கும் மூவருள் ஒருவன் தன்மையே அது. இவ்வேறுபாட்டை இந்நாளில் பலரும் மறக்கின்றனர். செய்தியாளர்க்கு வேண்டுவது எவர் துன்பத்திலும் தொடர்பில்லாத அயலான் நெஞ்சம் என எண்ணுவோர், நொதுமலை நடுவுநிலைமை எனப் பிறழ உணர்ந்தவராவர். சோமாலியச் சிற்றூரில் பெயர் கேளாது வந்தமைக்கு வருந்திய அழகையா நொதுமலாளர் அல்லர். அதனால் அவர் நடுவுநிலைமை குன்றிற்று எனல் பொருந்தாது.

இனி, பி.பி.சி.யின் கட்சிக்கும் அவ்வுரையிலேயே அரண் உண்டு. நடுவுநிலைமை அதிகாரம் செய்ந்நன்றியறிதலின்பின் வைக்கப்பட்டது ஏன் என்னும் வினாவிற்குப் பரிமேலழகர் கூறும் காரணம் நுட்பமானது. நன்மை செய்தாரிடத்து அந்நன்மையை நினைக்குங்கால் நடுவுநிலைமை சிதையக்கூடும். அவ்விடத்தும் சிதையலாகாது என்றற்கே அதனைப் பின்வைத்தார் என்பர். நடுவுநிலைமையைக் கெடுப்பது தீக்குணம் மட்டுமன்று, நற்குணமும் கெடுக்கும் என்னும் இக்கருத்து வியத்தற்குரியது. கையூட்டினால் சாயாத நெஞ்சம் அன்பினால் சாய்தல் கூடும். அழகையாவின் வழக்கு இவ்வகையைச் சார்ந்தது.

மேலும் ஒன்று உண்டு. அவ்வதிகாரத்தின் இறுதி மூன்று பாட்டுகளை நோக்குக. முன்னிரண்டும் அவையத்தார்க்குரிய நடுவுநிலைமையையும், இறுதிப்பாட்டு வாணிகர்க்குரிய நடுவுநிலைமையையும் கூறுவனவாகப் பரிமேலழகர் பகுப்பர். அவையத்தார்க்கு ஒருபால் கோடாத துலாக்கோல் உவமை. உள்ளத்தில் கோட்டமின்றிச் சொல்லிலும் கோட்டமின்மை அவர்க்கு இலக்கணம். வாணிகர்க்கோ, கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இன்றிப் பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதல் இலக்கணம். ஆகவே நேர்மை வாணிகம் என இலண்டனில் பேசப்படுவது, வள்ளுவர் நூலில் ஈகையின்பாற்பட்டதன்று, நடுவுநிலைமையின்பாற்பட்டதேயாகும். நடுவுநிலைமை காக்கும்பொருட்டு ஒருவரை நேர்மை வாணிகத்தினின்று விலக்கினர் என்னும் செய்தி தமிழ் மாணவர்க்குச் சிறிது நகைதருவதாகவும் அமையலாம். (சிறுகடன் அமைப்பையும் ஈகை எனல் இயலாது. அளவு குறித்துத் திரும்பப் பெறுவது குறியெதிர்ப்பை. அதனின் வேறானதே ஈகை என்பது வள்ளுவர் துணிபு. வேண்டுமாயின் ஒப்புரவின்பால் அடக்கலாம்.)

நகைக்கு இடமளிக்கும் இம்முரணை நீக்கும் வழியும் அப்பகுப்பிலேயே உள்ளது. அறம் ஒன்றே, இருக்கை இரண்டு. வாணிகர்க்கு நடுவுநிலைமை பொருளின்கண் வெளிப்படும். அவையத்தார்க்குச் சொல்லின்கண் வெளிப்படும். செய்தி வாசிப்பவர் அமர்ந்திருப்பது அவையத்தார் இருக்கை. வாணிகம் நேர்மையாக நடத்தல் வேண்டும் என விரும்புவதற்கு அவர்க்குத் தடையில்லை. இன்னவாறு நடத்தலே நேர்மை எனக் கூறும் ஒரு கட்சிக்குப் புரவலராதலே தடை. வள்ளுவர் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்திலும் இதனையே வேறு வகையாற் கூறுவர். மேற்கொண்ட கடமை சிதையாதவாறு கண்ணோட வல்லவர்க்கே உலகம் உரியது என்பது அங்கே அவர் கருத்து. அரசனை நோக்கியது அது. முறைசெய்தலே அங்குக் கடமை. கடமையும் இரக்கமும் மோதும் என்பதை வள்ளுவர் அறிந்திருந்தார் என்பதும், இரண்டனுள் ஒன்றைக் கைவிடுமாறு அவர் கூறவில்லை என்பதும் அதனாற் போதரும்.

திருமறைக்காட்டிலேயே இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1930 ஏப்ரல் 30-ஆம் நாள் இராசாசி அங்கு உப்பெடுத்தபோது அவர்க்கு வலக்கையாய் நின்று சிறை சென்ற சர்தார் வேதரத்தினம், 1946-இல் அவ்வூரில் கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலத்தைப் பெண்மக்களுக்காக நிறுவினார். அவர் வெளிப்படையாக ஒரு கட்சி சார்ந்தவர்; சட்டமன்றத்திலும் அமர்ந்தவர். அவர் அறப்பணியை அவர் சார்பு கெடுத்தது என எவரும் கூறார். சார்பே அவ்வறத்திற்கு உரமாயிற்று. அவர் நடுவே நின்று உரைக்கும் பொறுப்பை ஏற்கவில்லை ஆகலின் அம்முரண் அவர்க்கு எழவில்லை. அறம் செய்வார் எல்லார்க்கும் ஒரே அளவுகோல் வைத்தல் தகாது என்பதற்கு இது சான்று.

இத்துணையும் கூறியபின் பி.பி.சி. செய்தது முற்றும் சரி எனல் வேண்டுமோ எனின், வேண்டா. விதி சரி, விதியைக் கையாண்ட முறை சரியன்று. அழகையா புரவலரானது 2002-இல். ஆறு மணிச் செய்தியை ஏற்றது 2003-இல். அப்பொறுப்பை அளிக்குங்காலேயே இதனை எண்ணியிருத்தல் வேண்டும். ஏழாண்டு பொறுத்திருந்து பின்னர் விலக்கியமையால், அவர் ஏதோ தவறிழைத்தார் என்னும் தோற்றம் உண்டாயிற்று. துலாக்கோலைச் சீர்தூக்குமுன் சமன்செய்தல் வேண்டும். தூக்கிய பின்னர்ச் சமன்செய்தல் முறையன்று.

2014 ஏப்ரலில் அழகையாவுக்குப் பெருங்குடற் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அப்போதே அது ஈரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவி நான்காம் நிலையை எய்தியிருந்தது. மருத்துவம் பெற்று 2015 நவம்பரில் செய்தி வாசிக்க மீண்டார். 2017 இறுதியில் நோய் திரும்பவும் வந்தது. 2018-இல் அவர் வெளிப்படையாக ஒன்று கூறினார். மலத்தில் குருதி கலந்துள்ளதா எனக் காணும் சோதனைக் கருவி அரசால் வீட்டிற்கே அனுப்பப்படும். அந்நாளில் ஸ்காட்லாந்தில் அது 50 அகவையிலேயே தொடங்கியது, இங்கிலாந்தில் 60-இல். தமக்கு நோய் கண்டபோது அகவை 58. ஸ்காட்லாந்தில் வாழ்ந்திருப்பின் அது முன்னரே அறியப்பட்டிருக்கும் என்பது அவர் கூற்று. புற்றுநோய் அறநிறுவனம் ஒன்றிற்காக நோயாளர், மருத்துவர் ஆகியோரோடு உரையாடி ஒலித்தொடர் ஒன்றையும் நடத்தினார். 2019-இல் தென்னாப்பிரிக்காவைக் களமாகக் கொண்ட புதினம் ஒன்றும் வெளியிட்டார்.

சோதனை வயதும் பொதுக்கொள்கையே அன்றோ எனச் சிலர் வினவலாம். அரசின் பொருட்செலவு அதனைச் சார்ந்தது, ஆகவே கொள்கைதான். வேறுபாடு இருக்கை பற்றியது. ஈண்டு அவர் ஓர் அமைப்பின் கட்சியை எடுத்துரைக்கவில்லை. தமக்கு நேர்ந்ததைத் தாமே சான்றாக நின்று கூறினார். அவையத்தாரும் தம் உடம்பைப் பற்றிச் சான்று கூறுதற்கு உரியரே. சோமாலியாவில் நாணிப் புன்னகைத்த மனிதர் நிலையில் தாமே நின்று, நோயுற்ற தம் முகத்தைத் திரையில் மறையாது காட்டினார் அவர். முகக்குறிப்பு நடுவுநிலைமையைக் குலைக்கும் என 1954-இல் அஞ்சிய அந்நிறுவனமே, அம்முகம் மெலிந்து வருவதை நாடறியக் காட்டியது.

2020-இல் நோய் நுரையீரலுக்கும் பரவியது. இடையிடையே ஓய்வு பெற்று மீண்டும் மீண்டும் செய்தி வாசிக்க வந்த அவர், 2022 அக்டோபருக்குப் பின் திரும்பவில்லை. 2023 சூலை 24-ஆம் நாள் தம் 67-ஆம் அகவையிற் காலமானார். சோதனை தொடங்கும் வயதை 50-ஆகக் குறைப்பதாக இங்கிலாந்து 2018 ஆகஸ்டில் அறிவித்தது. 2021-இல் தொடங்கிய அப்பணி, அவர் மறைந்தபோது படிப்படியாக நடந்துகொண்டிருந்தது.